டோக்கியோவில் எட்டு நாள்கள்

பயணக் கட்டுரை என்றதும் தமிழன்பர் பலருக்கு முதலில் நினைவில் எழுபவர் ஏ. கே. செட்டியார். 1930களிலேயே டோக்கியோ மாநகருக்குச் சென்று ஒளிப்படக் கலை பயின்றவர் அவர். ஜப்பானைப் பற்றித் தமிழில் எழுதியவர். அவர் நூல்களைப் படித்த நாள் தொட்டு, அந்நகரை ஒருமுறை கண்டுவிட வேண்டும் என்னும் ஆசை எங்களுக்கு இருந்து வந்தது. ஆசை இருந்ததே தவிர வழி இருக்கவில்லை. மைய அரசு அலுவலகத்தில் எழுத்தர் பணி புரிவோருக்கு விடுப்புப் பயணச் சலுகை நாட்டின் எம்மூலைக்கும் உண்டு. கடல் கடந்தால் இல்லை. எனவே பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்து, கணக்கில் இருந்த ஈட்டிய விடுப்பில் சில நாள்களைக் கேட்டுப் பெற்று, 2023ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் நாங்கள் இருவரும் தில்லியிலிருந்து புறப்பட்டோம்.

சுற்றுலாக் குழுவோடு நாங்கள் செல்லவில்லை. அதற்குரிய பணம் கையில் இல்லை என்பது ஒரு காரணம். குழுவில் சென்றால் பேச வேண்டியிருக்கும் என்பது மற்றொரு காரணம். முதல் நாள் காலைச் சிற்றுண்டியின்போதே, "உங்களுக்கு எத்தனை குழந்தைகள்?" என்று யாரேனும் அன்போடு கேட்பார்கள். அக்கேள்விக்கு "இல்லை" என்றே விடை சொல்லி வந்திருக்கிறோம். அது பொய்யன்று; முழு உண்மையுமன்று. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

ஆளுக்கு ஒரு முதுகுப் பை. எடை ஏழு கிலோவுக்கு மேற்படலாகாது என்று உறுதி செய்துகொண்டோம். இரண்டு மாற்றுடைகள், ஒரு கம்பளிச் சட்டை, மருந்து, பருப்புப் பொடி, சிறு புட்டியில் நல்லெண்ணெய், புளிக்காய்ச்சல். வேண்டும் என்று எடுத்து வைத்தவற்றில் பாதியைப் புறப்படும் முன்னாள் இரவு வெளியே எடுத்து வைத்தோம். இருபது வயதுப் பிள்ளைகள் பை சுமந்து ஊர் சுற்றுவதை எவரும் வியப்பதில்லை. நரை தோன்றிய இருவர் அவ்வாறு புறப்பட்டதைக் கண்டு அண்டை வீட்டார் நகைத்தனர். நாங்களும் உடன் நகைத்தோம்.

*

தங்குவதற்கு மலிவான இடம் தேடியதில் எங்களுக்குக் கிடைத்தது நகரின் வடகிழக்கே மினாமி-சென்ஜு என்னும் பகுதி. அறை என்பது நாலரைப் பாய் அளவு. ஜப்பானில் அறையின் பரப்பைத் தத்தாமி என்னும் வைக்கோற் பாய்களின் எண்ணிக்கையால் சொல்வது மரபு. ஒரு பாய் ஏறக்குறைய ஆறடி நீளம், மூன்றடி அகலம். இரவில் மெத்தையை விரித்தால் பைகளை வைக்க இடமில்லை. பகலில் மெத்தையை மடித்தால் நாங்கள் அமர இடம் உண்டு. பாய் விரித்துத் தரையில் படுத்து வளர்ந்த எங்களுக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை.

இப்பகுதியின் வரலாற்றை அங்குச் சென்ற பிறகே விரிவாக அறிந்தோம். இதனை ஒட்டிய வட்டாரத்துக்குச் சன்யா என்று பெயர். உலகப் போருக்குப் பின் டோக்கியோவை மீண்டும் கட்டியெழுப்பிய நாட்கூலித் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் தங்கியிருந்த இடம் அது. 1964 ஒலிம்பிக் விளையாட்டுகளுக்காக எழுந்த சாலைகளும் அரங்குகளும் அத்தகையோர் கைகளால் ஆனவை. 1966இல் முகவரி முறையை மாற்றியமைத்தபோது சன்யா என்னும் பெயரே நகரின் முகவரிகளிலிருந்து நீக்கப்பட்டது. பெயர் போயிற்று, மனிதர்கள் போகவில்லை. அன்று இளைஞராக வந்தவர் பலர் முதியவராகி அங்கேயே தனித்து வாழ்ந்திருக்கின்றனர். தொழிலாளர் தங்கிய விடுதிகள் சிலவற்றில் இப்போது எங்களைப் போல் பை சுமந்து வருவோர் தங்குகின்றனர். காலையில் நாங்கள் புறப்படும்போது, கைத்தடியோடு நடந்து செல்லும் முதியவர் சிலர் தலை தாழ்த்தி வணங்குவர், நாங்களும் வணங்குவோம்.

அருகில் ஒரு நாற்சந்தி. அதன் பெயர் நமிதாபாஷி. கண்ணீர்ப் பாலம் என்று பொருள். எதோ காலத்தில் அதன் அருகே கொலைக்களம் இருந்தது. தண்டனை பெற்றவரோடு உற்றார் அந்தப் பாலம் வரை வந்து பிரிவராம். இன்று அங்கே பாலமும் இல்லை, ஓடையும் இல்லை. பெயர் மட்டும் இருக்கிறது. ஓரிடத்தில் மனிதர் இருந்தும் பெயர் நீங்கிற்று. அதன் அருகிலேயே பாலம் நீங்கியும் பெயர் இருக்கிறது. நாள் முழுதும் பதிவேடுகளோடு வாழ்பவர்க்கு இத்தகைய செய்திகள் எளிதில் மனத்தை விட்டு அகல்வதில்லை.

*

டோக்கியோவில் சுரங்க இரயில்தான் ஏழைப் பயணியின் தேர். வெளிநாட்டுப் பயணிகளுக்கென்று எழுபத்திரண்டு மணி நேரச் சீட்டு ஒன்று உண்டு; நாங்கள் சென்றபோது அதன் விலை 1,500 யென். ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் யென் என்ற கணக்கில் அது எங்களுக்குக் கட்டுபடியாயிற்று. அசாகுசாவுக்கும் உயெனோவுக்கும் இடையே 1927ஆம் ஆண்டு திசம்பர் மாத இறுதியில் தொடங்கப்பெற்ற சுரங்க இரயிலே ஆசியக் கண்டத்தின் முதல் சுரங்க இரயில் என்பர். அந்தத் தடத்தில் பயணம் செய்தபோது எங்கள் தில்லி மெட்ரோவை நினைத்துக்கொண்டோம். 2002 திசம்பரில் ஓடத் தொடங்கிய அதன் முதற் கட்டத்துக்குப் பெரும் பகுதி கடனுதவி ஜப்பானிலிருந்து வந்தது. நாள்தோறும் அலுவலகத்துக்குச் செல்லும் வண்டியின் மூத்த உடன்பிறப்பை அதன் பிறந்த வீட்டில் பார்ப்பது போன்றிருந்தது.

உணவுதான் இடர் தந்தது. நாங்கள் புலால் உண்ணாதவர்கள். அங்கோ, காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு கலந்திருக்கும். அதை யாரும் புலால் என்று எண்ணுவதே இல்லை. இரண்டு நாள் பட்ட பாட்டுக்குப் பின் ஒரு வழி கண்டோம். தெருவுக்குத் தெரு இருக்கும் சிறு கடைகளில் வேகவைத்த சோற்றைக் கிண்ணத்தில் அடைத்து விற்கிறார்கள். அதைச் சூடாக்கிப் பருப்புப் பொடியும் நல்லெண்ணெயும் விட்டுப் பிசைந்தால் போதும். டோக்கியோ தில்லியாகிவிடும், தில்லி தஞ்சாவூராகிவிடும். அவர்களுடைய கட்டுச்சோற்றுக்கு ஒனிகிரி என்று பெயர். முக்கோணமாகப் பிடித்துக் கடற்பாசித் தாளில் சுற்றியது. நடுவில் உமே என்னும் காயை உப்பிலிட்டு உலர்த்தி வைத்திருப்பார்கள். நம் உப்பு நார்த்தங்காயை உண்டவருக்கு அது அயலாகத் தோன்றாது.

விடுதியில் குளிக்க வசதி குறைவாதலால் மூன்றாம் நாள் மாலை பொதுக் குளியலகத்துக்குச் சென்றோம். அப்போது கட்டணம் 520 யென். ஆடவர்க்கு ஒரு பக்கம், பெண்டிர்க்கு ஒரு பக்கம். முதலில் சிறு முக்காலியில் அமர்ந்து உடலை நன்கு தேய்த்துக் கழுவ வேண்டும். அதன் பின்னரே வெந்நீர்த் தொட்டியில் இறங்கி அமரலாம். பெண்டிர் பகுதியில் எண்பது வயது மதிக்கத்தக்க பாட்டி ஒருவர் இருந்தார். புதிதாக வந்தவருக்கு எங்கே அமர்வது, எதில் நீர் மொள்வது என்று சைகையால் கற்றுக் கொடுத்தார். பின்பு தம் கையைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வைத்துக் காட்டி, "கோதொமோ?" என்று கேட்டார். குழந்தை என்பது பொருள். ஆயிரக்கணக்கான கல்லுக்கு அப்பாலும் அதே கேள்வியா என்று நகைப்பதா, வருந்துவதா? வழக்கம் போல் தலையசைத்து "இல்லை" என்று காட்டியாயிற்று. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. முதுகில் வெந்நீர் ஊற்றினார்.

*

நான்காம் நாள் அசாகுசா. அங்குள்ள சென்சோஜி நகரின் மிகப் பழைய பௌத்தக் கோயில். 628ஆம் ஆண்டில் மீனவ உடன்பிறப்புகள் இருவர் சுமிதா ஆற்றில் வலை வீசியபோது அவலோகிதேசுவரரின் சிறு படிமம் கிடைத்தது என்பது தலவரலாறு. கோயில் பழையதாயினும் கட்டடம் பழையதன்று. 1945 மார்ச்சு 10ஆம் நாள் பின்னிரவில் பொழிந்த தீக்குண்டுகளில் இந்நகரின் கிழக்குப் பகுதி எரிந்து, ஏறக்குறைய ஒரு லட்சம் மக்கள் மாண்டனர். கோயிலும் எரிந்தது. இன்றுள்ள பெருமண்டபம் 1958இல் கட்டி முடிக்கப்பெற்றது.

அங்கிருந்து சிறிது தொலைவில், ஆற்றங்கரையை ஒட்டிய மேட்டில், மட்சுசியாமா ஷோதென் என்றொரு கோயில் இருக்கிறது. தமிழர் தவறாது காண வேண்டிய இடம். அங்கே எழுந்தருளியிருப்பவர் நம் பிள்ளையார்! காங்கிதென் என்பது அங்கு அவர் பெயர். மறைபொருளாக வைத்திருப்பதால் திருவுருவைக் காண இயலாது. நாம் கொழுக்கட்டை படைக்கும் தெய்வத்துக்கு அங்கே படைப்பது வெண்முள்ளங்கி. கோயிலிலேயே முள்ளங்கி விற்கிறார்கள். கோயிலெங்கும் இரட்டை முள்ளங்கிச் சின்னமும் பணப்பைச் சின்னமும் செதுக்கியிருக்கின்றன. பணப்பை வணிகச் செழிப்பைக் குறிக்கும். முள்ளங்கி உடல் நலத்தையும் கணவன் மனைவியரிடையே ஒற்றுமையையும் குறிக்கும் என்றார்கள். நாங்களும் ஒரு முள்ளங்கி வாங்கி வைத்துவிட்டு, எவரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு மூன்று முறை தோப்புக்கரணம் போட்டோம்.

ஐந்தாம் நாள் உயெனோ. அங்கே தாமரைக் குளத்தின் நடுவே பென்சாய்தென் கோயில்; வீணைக்குப் பதிலாக பிவா என்னும் யாழ் ஏந்திய நம் கலைமகள்தான். அருகே விலங்குக் காட்சிச்சாலை. அதன் வாயிலில் நின்றபோது எங்கள் நினைவுக்கு வந்தது ஒரு யானை.

1943ஆம் ஆண்டு, குண்டு வீச்சில் கூண்டுகள் உடைந்தால் கொடிய விலங்குகள் வெளியேறிவிடுமே என்று அஞ்சிய ஆட்சியாளர், அவற்றைக் கொன்றுவிட ஆணையிட்டனர். அங்கிருந்த மூன்று யானைகளும் பட்டினி போட்டே கொல்லப்பட்டன. பசித்த யானைகள், முன்பு கற்ற வித்தைகளைச் செய்து காட்டினால் உணவு கிடைக்கும் என்று எண்ணி, காவலர் முன் அவற்றைச் செய்து காட்டினவாம். போர் முடிந்தது, யானையை ஒருமுறையும் கண்டிராத குழந்தைகள் வளர்ந்தனர். அக்குழந்தைகள் நம் தலைமை அமைச்சர் சவகர்லால் நேருவுக்குக் கடிதங்கள் எழுதினர். 1949இல் அவர் ஒரு யானையை அனுப்பினார். தம் மகளின் பெயரையே அதற்கு இட்டார்: இந்திரா. மைசூர்ப் பகுதியிலிருந்து சென்ற அந்த யானை கன்னடக் கட்டளைகளுக்கே பழகியிருந்தது. ஆகவே உடன் சென்ற பாகர்களிடம் ஜப்பானியக் காப்பாளர் அச்சொற்களைக் கற்றுக்கொண்டனர். 1983இல் இறக்கும் வரை இந்திரா அங்கேயே வாழ்ந்தது.

கடிதம் எழுதினால் யானை வரும் என்று நம்பியவர் குழந்தைகள். அந்த நம்பிக்கையைப் பொய்யாக்காமல் ஒரு நாட்டின் தலைமை அமைச்சர் விடை எழுதினார். அலுவலகத்தில் எத்தனையோ விண்ணப்பங்களுக்கு 'ஏற்பதற்கில்லை' என்று விடை எழுதியிருக்கிறோம். உள்ளே சென்று, வேறு யானைகள் அசைந்தாடி நிற்பதை நெடுநேரம் பார்த்தோம். எங்களைச் சுற்றிலும் பள்ளிக் குழந்தைகள். எல்லார் தலையிலும் ஒரே நிறத் தொப்பி. அவர்களைப் பார்த்தபடி எங்களில் ஒருவர், "பதினாறு முடிந்திருக்கும்" என்று சொன்னார். மற்றவர் விடை கூறவில்லை. யாருக்கு என்று கேட்கவும் இல்லை.

*

ஆறாம் நாள் நாங்கள் பார்க்கப் போனது டோக்கியோ கோபுரத்தை. 1958இல் எழுப்பிய, 333 மீட்டர் உயரமுள்ள இரும்புக் கோபுரம் அது. அதன் அடிவாரத்தில் சோஜோஜி என்னும் கோயில் இருக்கிறது. தொக்குகவா மரபில் வந்த ஷோகன்கள் அறுவரின் கல்லறைகள் அங்கு உள்ளன. அதன் பெருவாயில் 1622இல் அமைந்தது; பெருமண்டபமோ போரில் எரிந்து 1974இல் மீண்டும் கட்டப்பட்டது. கிங்கோ மரங்கள் பொன்னிறமாக இலை உதிர்த்துக்கொண்டிருந்தன. கோயிலும் கோபுரமும் சேர்ந்து தெரியுமாறு படம் எடுத்துக்கொண்டு பக்கவாட்டில் திரும்பினோம். அங்கே வரிசையாகக் குழந்தைகள் நின்றிருந்தார்கள்.

குழந்தைகள் அல்லர், கற்சிலைகள். முழங்கால் உயரம் இருக்கும். நூற்றுக்கணக்கில், மதிலோரமாகக் கண்ணுக்கெட்டிய வரை நின்றிருந்தன. ஒவ்வொரு சிலையின் தலையிலும் சிவப்புக் கம்பளித் தொப்பி. கழுத்தில் சிவப்புத் துணி. பக்கத்தில் காற்றாடி. காற்று வீசியபோது எல்லாக் காற்றாடிகளும் ஒருங்கே சுழன்று மெல்லிய ஒலி எழுப்பின. காற்று நின்றதும் நின்றன.

ஜிசோ என்பது அச்சிலைகளின் பெயர். நம் நாட்டிலிருந்து சென்ற க்ஷிதிகர்ப்பர் என்னும் போதிசத்துவரே அவர். நிலத்தைக் கருவாகக் கொண்டவர் என்பது பொருள். பெற்றோருக்கு முன் இறந்த குழந்தைகள் மறுகரை செல்ல இயலாது, ஆற்றங்கரையில் கூழாங்கற்களை அடுக்கிக்கொண்டே இருக்கும் என்பதும், அவற்றைத் தம் மேலாடைக்குள் மறைத்துக் காப்பவர் ஜிசோ என்பதும் அந்நாட்டவர் நம்பிக்கை. கருவிலேயே கலைந்த குழந்தைகளுக்காகவும், இறந்து பிறந்த குழந்தைகளுக்காகவும் பெற்றோர் இச்சிலைகளை வைத்து வழிபடுவது 1970களில் அங்குப் பெருவழக்காயிற்று. இவற்றுள் சிலவற்றை முன்பே எங்கோ படித்திருந்தோம். படிப்பது வேறு, எதிரே நிற்பது வேறு.

இனி, முன்னர்ப் பின்னால் கூறுவோம் என்றதைக் கூறிவிடுகிறோம்.

2007ஆம் ஆண்டு எங்களுக்கு ஒரு மகன் பிறந்தான். பிறக்கும்போதே உயிர் இல்லை. எங்களில் ஒருவர் மயக்கத்தில் இருந்தார். மற்றவர் கையில் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். மயக்கம் தெளிந்த பின், "பார்க்க வேண்டாம், பார்த்தால் மறக்க முடியாது" என்று பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். அன்று மாலையே அடக்கம் செய்தாயிற்று. அவ்வாறு பிறந்த குழந்தைக்குச் சடங்கு இல்லை. தீட்டும் பெரிதாக இல்லை. பதிவு மட்டும் உண்டு. இறந்து பிறந்தோர்க்கென்று தனிப் படிவம் இருக்கிறது. அதில் நாள், பால், தந்தை பெயர், தாய் பெயர், இடம் ஆகியவற்றுக்கெல்லாம் கட்டம் உண்டு. குழந்தையின் பெயருக்குக் கட்டம் இல்லை. ஆயிரம் படிவங்களை நிரப்பிய கை அதையும் பிழையின்றி நிரப்பிக் கையெழுத்திட்டது. வரப்போகும் குளிர்காலத்துக்கென்று பின்னி வைத்திருந்த கம்பளித் தொப்பியை அடுத்த ஆண்டு அண்டை வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டோம். அதன் பின் எங்களுக்குக் குழந்தை வாய்க்கவில்லை.

அன்று முதல் எங்களில் ஒருவர் பார்த்தவர்; மற்றவர் பார்க்காதவர். பார்த்தவர் சொல்லவில்லை. பார்க்காதவர் கேட்கவில்லை. ஒரே வீட்டில் உண்டு, உறங்கி, நோயுற்று, நோய் தீர்ந்து, பதினாறு ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன.

சோஜோஜி கோயிலின் மதிலோரத்தில் ஒரு சிலையின் தொப்பி சரிந்து கண்களை மூடியிருந்தது. பார்க்காதவர் குனிந்து அதனைத் தொடப் போய், கையை இழுத்துக்கொண்டார். பிறர் பிள்ளை அல்லவா? பிறகு மெல்ல, இரண்டு விரல்களால் தொப்பியை உயர்த்தி நெற்றியில் சரியாக வைத்தார். எழுந்திராமலே கேட்டார்:

"அவன் முகம் எப்படி இருந்தது?"

காற்றாடிகள் சுழன்று நிற்கும் வரை விடை வரவில்லை.

"நெற்றி அகலம். உன் அப்பாவின் நெற்றி. தலை நிறைய முடி. இடக் காது மடல் மட்டும் கொஞ்சம் மடிந்திருந்தது."

"ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?"

"நீ கேட்கவில்லை."

"கேட்டால் உங்களால் தாங்க முடியாது என்று இருந்தேன்."

"நானும் அப்படித்தான் இருந்தேன்."

பைகளை இறக்கி வைத்துவிட்டு அருகிலிருந்த கல்லில் அமர்ந்தோம். அழுதோம் என்பதை மறைப்பதற்கில்லை. அவ்வழியே சென்ற ஒருவரும் எங்களை உற்று நோக்கவில்லை. வேடிக்கை பார்ப்போர் இல்லாததை அந்நகரின் குளிர்ந்த இயல்பு என்று சிலர் குறை கூறுவர். அன்று அதனையே பேருதவியாகக் கொண்டோம். கண்ணாடி அணிந்த மூதாட்டி ஒருவர் மட்டும் எங்களைக் கடந்து சென்று, சிலை ஒன்றின் அடியில் உதிர்ந்திருந்த கிங்கோ இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தம் பைக்குள் போட்டுக்கொண்டார். எத்தனை ஆண்டுகளாகப் பொறுக்குகிறாரோ!

பெயரைப் பற்றியும் பேசினோம். பிறக்கும் முன் ஆளுக்கு ஒரு பெயரை மனத்துக்குள் வைத்திருந்தோம் என்பது அன்றுதான் தெரிந்தது. இரண்டும் வேறு வேறு பெயர்கள். எது பொருத்தம் என்று சிறிது வாதாடவும் செய்தோம். இறுதியில் ஒன்றை இருவரும் ஏற்றோம். அதனை இங்கே எழுதவில்லை. அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

அன்று டோக்கியோ கோபுரத்தின் மேல் நாங்கள் ஏறவில்லை. ஹிபியா தடத்தில் மினாமி-சென்ஜுவுக்குத் திரும்பும் வண்டியில் கூட்டம் மிகுதி. எங்கள் பைகளை மார்புப் பக்கம் மாற்றி அணைத்துக்கொண்டு நின்றோம். கூட்டத்தில் அங்கு அனைவரும் அவ்வாறே செய்கின்றனர், பின்னால் நிற்பவரை இடிக்கலாகாது என்பதற்காக.

*

புறப்படுவதற்கு முந்திய நாள் மாலை மறுபடியும் குளியலகத்துக்குச் சென்றோம். அதே பாட்டி, அதே முக்காலி. இம்முறை அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் எங்களுள் அப்பகுதிக்குச் சென்றவர் தாமாகவே கையைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வைத்துக் காட்டி, "கோதொமோ" என்றார். பிறகு ஒரு விரலை உயர்த்தினார். பிறகு, தெரிந்திருந்த மற்றொரு ஜப்பானியச் சொல்லையும் சொன்னார்: "ஜிசோ."

பாட்டி சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஈரக் கைகளைக் குவித்துத் தலை தாழ்த்தினார். பின்பு தம் விரல்களை உயர்த்திக் காட்டினார். இரண்டு விரல்கள். "ஜிசோ" என்று அவரும் சொன்னார். வெந்நீர்த் தொட்டியில் இருவரும் அருகருகே நெடுநேரம் அமர்ந்திருந்தார்களாம். வெளியே குளிரில் காத்திருந்தவருக்கு அத்தாமதத்தின் காரணம் அறைக்குத் திரும்பிய பிறகே தெரிந்தது.

நாங்கள் கண்ட டோக்கியோ இவ்வளவே. உயரமான மாடங்களையும் ஒளி விளக்குகளையும் பற்றி எழுத வல்லவர் பலர் உளர். எட்டு நாள்களில் ஒரு மாநகரை அறிந்துவிட்டோம் என்று சொல்ல மாட்டோம்.

தில்லிக்குத் திரும்பிய மறுவாரம் சங்கத்தில் ஒரு கூட்டம். புதிதாக மாற்றலாகி வந்த அன்பர் ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். அவர் மனைவியார் நலம் உசாவிவிட்டு, "உங்களுக்கு எத்தனை குழந்தைகள்?" என்று கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"ஒரு பையன் பிறந்தான், தங்கவில்லை" என்றோம்.

அந்த அம்மையார் எங்களில் ஒருவர் கையைப் பற்றிக்கொண்டு, அவன் பெயர் என்ன என்று கேட்டார். சொன்னோம்.